ஷீட்டை வளைத்து ஃபைபர் மோல்டு செய்யும்போது வரும் கோளாறுகள்

மோல்டிலிருந்து, அதாவது அச்சிலிருந்து, கழற்றிய ஃபைபர் பேனலை வெளியே வெயிலில் நிறுத்தும்போதுதான் நெளிவு கண்ணில் படும். உடனே ரெசின் எனும் பிசினைக் குறை சொல்வோம், அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் குறை சொல்வோம். நான் பார்த்தவரை, அந்த நெளிவு ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, ஷீட்டை வளைத்து ஸ்க்ரூ போட்ட அன்றே வந்துவிட்டது. ஃபைபர் அதை அப்படியே பிரதி எடுத்துக் கொடுக்கிறது. அதனால்தான் இந்தப் பட்டியலில் ஷீட்டுக்கு அதிக இடமும் ரெசினுக்குக் கொஞ்சம் குறைவான இடமும் கொடுத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம் வைத்துக்கொள்வோம்: கடை வாசலுக்கு மேலே மாட்டும் வளைந்த சன்ஷேடு. குறுக்கே பார்த்தால் கால் வட்டம், ஆரம் 600 மி.மீ., நீளம் 8 அடி. கால் வட்டத்தின் வளைவு நீளம் 942 மி.மீ., ஆகவே 4×8 ஷீட் ஒன்றில் அடங்கிவிடும். மோல்டு தொட்டில் மாதிரிக் குழிவாக இருக்கும். வழவழப்பான முகம் உள்ளே, ஷீட்டைத் தாங்க வளைவாக வெட்டிய சட்டங்களான ரிப்புகள் வெளியே. ரெசினும், மேட் எனும் கண்ணாடி நார் விரிப்பும் குழிக்குள் போகும்.

வளைக்கும்போதே "டிக் டிக்" என்று சத்தம் வந்து கீறல் விழுகிறது

முதல் "டிக்" வந்ததுமே நிறுத்திவிடுங்கள். ஷீட்டின் வெளிமுகம் இழுபடுகிறது, உள்முகம் அமுங்குகிறது. அந்த இழுவை எவ்வளவு என்று கணக்கிட, தடிமனை ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 3 மி.மீ. ஷீட்டை 600 ஆரத்தில் வளைத்தால் 3 வகுத்தல் 1200, அதாவது கால் சதவீதம். தாங்கும். அதே வளைவுக்கு 12 மி.மீ. பிளைவுட்டை எடுத்தால் 1 சதவீதம். மரம் அந்த இடத்தில் உடையத் தொடங்கும். தடிமனைப் பாதியாக்கினால் இழுவையும் பாதியாகும். வளைக்க வேண்டிய பலமோ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே 6 மி.மீ. வேண்டும் என்றால் 3 மி.மீ. ஷீட் இரண்டு வாங்குங்கள்.

தடிமன் சரியாக இருந்தும் கீறுகிறதா? ரேகையைப் பாருங்கள். மூன்று அடுக்கு பிளைவுட்டில் மேலும் கீழும் உள்ள இரண்டு அடுக்குக்கும் ரேகை ஒரே திசையில் ஓடும். அந்த ரேகை சன்ஷேடின் நீளவாக்கில் படுத்திருக்க வேண்டும். குறுக்கே, அதாவது வளைவின் மேலே ஏறி இறங்கும்படி வைத்தால், ஷீட் முரண்டு பிடிக்கும், பிறகு உடையும். எளிதில் வளையும் ஃபிளெக்ஸி பிளை வாங்குகிறவர்களும் இதைக் கடையிலேயே சொல்லி வாங்க வேண்டும். அது நீளவாக்கில் சுருள்வது, அகலவாக்கில் சுருள்வது என்று இரண்டு வகையாக வருகிறது. தப்பானதை வாங்கி வந்தால் வேறு வேலைக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹார்டுபோர்டு என்றால் அதன் சொரசொரப்பான முதுகை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, இரண்டு ஷீட்டின் முதுகும் ஒன்றோடொன்று ஒட்டும்படி அடுக்கி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் அது வேறு ஷீட் மாதிரி இணங்கும். ஆனால் வளைத்துக் கட்டிய பிறகு முழுசாகக் காயும்வரை காத்திருப்பது முக்கியம். ஈரம் உள்ளே இருந்தால் ரெசின் இறுகாது, அது இன்னொரு கோளாறாகிவிடும்.

பிளைவுட்டில் வெந்நீர் ஊற்றி வளைக்க நினைத்தால், அது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்தானா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை மரைன் என்று சொல்லிக் கொடுத்த ஷீட்டை நம்பி, முத்திரையைத் தேடாமல் வெந்நீர்த் துணி சுற்றினேன். பத்து நிமிடத்தில் ஓரம் வாய் பிளந்து, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. சாதாரண ஐ.எஸ். 303 எம்.ஆர். வகையின் பசை வெந்நீரைத் தாங்குவதற்கானது இல்லை.

கிளாம்ப்பை எடுத்ததும் வளைவு நிமிர்ந்துவிடுகிறது

இது குற்றமே இல்லை, ஷீட்டின் குணம். நீங்கள் அதை வளைத்துப் பிடித்திருக்கிறீர்கள், அது தன் பழைய நிலைக்குப் போகப் பார்க்கிறது. ஸ்க்ரூவாலேயே அடக்கிவிடலாம் என்று நினைத்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு பள்ளம் விழும். ஷீட் மாறவே மாறாது.

சரியான வழி, மெல்லிய ஷீட்களை ரிப்பின் மேல் வைத்தே பசை போட்டு ஒன்றாக்குவது. காய்ந்த பிறகு அது எவ்வளவு நிமிரும் என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது: அடுக்குகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, அதில் ஒரு பங்கு. இரண்டு அடுக்கு என்றால் நாலில் ஒரு பங்கு நிமிரும். மூன்று என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. நான்கு என்றால் பதினாறில் ஒரு பங்கு. ஒரே அடுக்கு என்றால் ஒன்றில் ஒன்று, அதாவது முழுசாக நிமிர்ந்துவிடும். மூன்று அடுக்கில் வேலை செய்துவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்கு ரிப்பின் ஆரத்தைச் சற்றே குறைத்து வெட்டிக்கொள்வது என் வழக்கம்.

பசை விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். மைக்கா ஒட்டும் ரப்பர் பசை இதற்கு உதவாது. அது காய்ந்தும் ரப்பராகவே இருப்பதால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல வழுக்கி, ஒரு வாரத்தில் எல்லாம் நிமிர்ந்துவிடும். வெள்ளை மரப்பசை அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் பாரம் இருந்துகொண்டே இருந்தால் அதுவும் நகரும். எபாக்ஸிதான் கல் மாதிரி பிடிக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

நடுவில் அழுத்தம் கொடுக்க கிளாம்ப் எட்டாது. பழைய லாரி டியூப்பை இரண்டு அங்குலப் பட்டையாக வெட்டி, ஷீட்டையும் ரிப்பையும் சேர்த்து இழுத்துச் சுற்றுங்கள். குழிவான மோல்டில் உள்ளேயிருந்து அழுத்த, மணல் மூட்டைகளைத் தொட்டிலுக்குள் அடுக்கினால் போதும். மணல் வளைவுக்கு ஏற்றபடி படிந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தும், எந்த கிளாம்ப்பாலும் முடியாதது அது.

நடுவில் அழகாக வளைகிறது, ஓரத்தில் மட்டும் தட்டையாக நிற்கிறது

இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஒரு உள்ளங்கை அகல அட்டையை இரண்டு கையாலும் நுனியில் பிடித்து வளைத்துப் பாருங்கள். நடுப்பகுதி வளையும், விரல் பிடித்திருக்கும் கடைசி அரை அங்குலம் நேராகவே நிற்கும். வளைக்கும் பலம் நுனிக்குப் போகப் போகக் குறைந்து, கடைசி விளிம்பில் பூஜ்ஜியமாகிவிடுகிறது. ஷீட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது மாறாது.

எனவே ஷீட்டை அளவுக்கு வெட்டிவிட்டு வளைக்காதீர்கள். வளைத்துவிட்டு வெட்டுங்கள். 942 மி.மீ. தேவைப்படும் நம் சன்ஷேடுக்கு 1220 மி.மீ. அகல ஷீட்டை அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 139 மி.மீ. உபரி கிடைக்கும். ரிப்புகளையும் அந்த உபரிவரை வளைவாகவே நீட்டி வெட்ட வேண்டும். பசை காய்ந்த பிறகு அந்தத் தட்டை ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, அங்கே ஃபிளேஞ்சை, அதாவது மோல்டின் விளிம்பில் வெளியே நீட்டி நிற்கும் பட்டையைப் பொருத்துங்கள். ஏற்கெனவே வெட்டிவிட்டோமே என்றால், விளிம்போடு சேர்த்து ஒரு கனமான ரீப்பரைக் கட்டி, ரீப்பரின் நீண்ட முனையைப் பிடித்து அழுத்துங்கள். நெம்புகோல் மாதிரி வேலை செய்யும், ஓரளவு சரியாகும்.

பட்டை பட்டையாக, எலும்பு தெரிவது போல் தெரிகிறது

இரண்டு காரணம் உண்டு. எது என்று கண்டுபிடிக்க இருட்டிய பிறகு ஒரு டியூப் லைட்டை மோல்டின் ஓரத்தில் தரையோடு படுக்க வைத்து எரிய விடுங்கள். பளபளப்பான மைக்கா ஒட்டிய முகத்தில் விளக்கின் பிம்பம் நீளமாக விழும். நீங்கள் மெதுவாக நடக்க நடக்க அந்த வெள்ளைக் கோடும் கூடவே நகரும். வளைவு சரியாக இருந்தால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். குறை உள்ள இடத்தில் மட்டும் அது சட்டென்று துள்ளும், அல்லது இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். பகல் வெளிச்சத்தில் கையால் தடவியும் கண்டுபிடிக்கலாம். உள்ளங்கையைவிட, மெல்லிய பருத்தித் துணிக்கு மேலாகத் தடவும் விரல்களுக்கு நன்றாகத் தெரியும்.

வட்டங்கள் ஏதாவது ஒரு ரிப்பின் மேலேயே வரிசையாக விழுந்தால், அந்த ரிப் மற்றவற்றைவிடத் துருத்தி நிற்கிறது அல்லது பின்வாங்கியிருக்கிறது. ஷீட்டைப் போடுவதற்கு முன்பே நீளமான ஒரு ரீப்பரை எல்லா ரிப்பின் மேலும் படியவைத்துப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஒரு நூல் வித்தியாசம்கூட ஃபைபரில் தெரியும். எல்லா ரிப்புகளையும் தனித்தனியாக ஜிக்சாவில் வெட்டாமல், ஒன்றாக ஸ்க்ரூ போட்டுக் கட்டாக்கி ஒரே தடவையில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தால் இந்தக் கோளாறே வராது. மொத்தம் 6 மி.மீ. தடிமனுக்கு ரிப் இடைவெளி ஓர் அடிக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். ரோலர் போட்டு அழுத்தும்போதும், ரெசின் சூடேறும்போதும் இடையில் உள்ள ஷீட் தொய்யக் கூடாது.

வட்டங்கள் வளைவின் குறுக்கே நெருக்கமான வரிகளாக வந்தால், அது முதுகில் கோடு கோடாக அறுத்து வளைத்த எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்று அர்த்தம். அறுத்த இடத்தில்தான் பலகை மடங்குகிறது, இரண்டு அறுப்புக்கும் நடுவில் தட்டையாகவே நிற்கிறது. எவ்வளவு தட்டை? இடைவெளியை அதே எண்ணால் பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்கள். 600 ஆரத்தில் 100 மி.மீ.க்கு ஒரு அறுப்பு போட்டால் 10000 வகுத்தல் 4800, இரண்டு மி.மீ.க்குச் சற்று மேல். அது கண்ணைக் குத்தும். 25 மி.மீ.க்கு ஒரு அறுப்பு என்றால் 625 வகுத்தல் 4800, வெறும் 0.13 மி.மீ. அதைப் பட்டி போட்டுத் தேய்த்தாலே போய்விடும். அறுப்பை நெருக்கமாகப் போடுவது சலிப்பான வேலைதான், ஆனால் பிறகு நாள் முழுக்க உப்புத்தாள் தேய்ப்பதைவிட இது லேசு. அறுத்த எம்.டி.எஃப். மேல் 3 மி.மீ. ஹார்டுபோர்டு ஒன்றை ஒட்டிவிட்டால் இன்னும் நிம்மதி.

ஒரு பக்கம் வளைகிறது, இரண்டாவது பக்கம் வளைய மறுத்து மடிப்பு விழுகிறது

கடலைப் பொட்டலம் ஒரு காகிதத்தில் வந்துவிடும். அதே காகிதத்தைத் தேங்காயில் சுற்றிப் பாருங்கள், எப்படிச் சுற்றினாலும் சுருக்கம் விழும். உருளையும் கூம்பும் தட்டையான ஷீட்டிலிருந்து வரும். உருண்டையும், குதிரைச் சேணம் மாதிரியான வடிவமும் வராது. ஷீட்டின் குற்றமோ உங்கள் கைக் குற்றமோ இல்லை.

அப்படிப்பட்ட வடிவத்துக்கு ஷீட்டை மறந்துவிட்டு, ஓர் அங்குல அகல மெல்லிய ரீப்பர் பட்டைகளை ரிப்பின் மேல் ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பதித்து, பட்டி போட்டு இழையுங்கள். அப்படிக் கிடைப்பது புடைத்த பிளக், அதாவது மாதிரி வடிவம். அதன் மேல் ஃபைபர் போட்டு மோல்டை எடுக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் பெருகிய ஃபைபர் படகுகளும் மோல்டில் வார்த்தவைதான். அடிவயிறு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளையும் படகை எந்த ஒற்றை ஷீட்டிலும் மடக்கிவிட முடியாது. சன்ஷேடின் மூலை மட்டும் உருண்டையாக வேண்டும் என்றால், நேர்ப்பகுதியை ஷீட்டிலும் மூலையைப் பட்டியிலும் செய்து இணைப்பது சுலபம்.

உள்ளே நிரப்பிய தெர்மாகோல் கரைந்துவிட்டது, பெயின்ட் தோலாகத் தூக்கிக்கொண்டது

இரண்டுக்கும் ஒரே காரணம், பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன். தெர்மாகோல்மேல் நேராக ரெசின் பட்டால் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி உள்வாங்கிவிடும். பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் பயன்படுத்துங்கள், அல்லது தெர்மாகோலை முதலில் எபாக்ஸியால் மூடுங்கள். பெயின்ட்டில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகை வேண்டாம், பேனலின் மேல்முகமாக முதலில் பூசும் நிற ரெசினான ஜெல்கோட் பட்டதும் நெளிந்து எழும். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பி.யு. பெயின்ட் அடித்து, கை தொடும் அளவுக்குக் காய்ந்தாலும் அவசரப்படாமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் மோல்டின் முகமாகப் பளபளப்பு மைக்கா ஒட்டுங்கள். அதற்கு, உறிஞ்சாமல் அடைக்கும் சீலரும் தேவையில்லை, பெயின்ட்டும் தேவையில்லை. மைக்காவை, ஏற்கெனவே வளைந்து இறுகிய முகத்தின் மேல் ஒட்டுவதால் அங்கே ரப்பர் பசை போதும். ஆனால் ரெசின் அதிகமாகச் சூடேறினால் அந்தப் பசை இளகிக் கொப்புளம் எழும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜெல்கோட் முதலைத் தோல் மாதிரி சுருங்குகிறது

முக்கால்வாசி நேரம் ஜெல்கோட் மெல்லிசாகப் போயிருக்கும். 0.4 முதல் 0.6 மி.மீ. வேண்டும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிராம், நம் சன்ஷேடுக்கு 2.3 சதுர மீட்டர் என்பதால் 1.4 கிலோ. இதைக் கண்ணளவில் ஊற்றாமல் எடை போட்டே கலக்குங்கள். மெல்லிசாக இருந்தால் அது முழுசாக இறுகாது, மேலே போடும் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதற்குள் புகுந்து ஊதிச் சுருக்கிவிடும்.

குழிவான மோல்டில் இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, நெட்டாக நிற்கும் பக்கத்திலிருந்து ஜெல்கோட் வழிந்து, மேலே மெல்லிசாகவும் அடியில் தடியாகவும் நிற்கும். கொஞ்சம் இறுகும்வரை தொட்டிலை அவ்வப்போது பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சரியாகிவிடும், அல்லது இரண்டு பூச்சாக அடியுங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டைரீன் ஆவி காற்றைவிட கனம். குழியின் அடியில் அது தண்ணீர் மாதிரி தேங்கி, அங்கே மட்டும் ஜெல்கோட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் பச்சையாக இருக்கும். சின்ன ஃபேன் ஒன்றைத் தொட்டிலின் ஒரு முனையில் மெதுவாகச் சுழலவிட்டால் ஆவி மறுமுனை வழியாக வெளியேறும். முகத்துக்கும் அது நல்லது. கதவு, ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

மேட் போடலாமா என்று பார்க்க, அடிப்பகுதியில் விரலை வையுங்கள். பிசுபிசுக்க வேண்டும், ஆனால் நிறம் விரலில் ஒட்டக் கூடாது.

ஹார்டனர் சாதாரணமாக 1 முதல் 2 சதவீதம், கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். கத்திரி வெயிலில் 1 சதவீதம் பக்கம் நில்லுங்கள், விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். அதற்கும் கீழே குறைத்தால் இறுகாமலே போய்விடும். ஆக்சிலரேட்டராக வரும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேராகக் கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுசாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர் போக வேண்டும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், எனவே கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம். என் பட்டறையில் இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

பேனல் மோல்டிலிருந்து கழலவில்லை

முதலில் இரும்பு உளியைக் கீழே வையுங்கள். பிளாஸ்டிக் ஆப்பை ஃபிளேஞ்ச் ஓரத்தில் மெல்லச் செருகி, அந்த இடுக்கில் தண்ணீர் விடுங்கள். வாக்ஸுக்கு மேல், ஒட்டாமல் தடுக்கும் பி.வி.ஏ. ரிலீஸ் படலம் அடித்திருந்தால் அது தண்ணீரில் கரையும். ரப்பர் சுத்தியலால் மோல்டின் முதுகில் தட்டிக்கொண்டே போங்கள், கம்ப்ரஸர் இருந்தால் காற்று கொடுங்கள். "பொத்" என்று சத்தம் வந்து நிறம் மாறியது போல் தெரிந்தால் அந்த இடம் விட்டுவிட்டது.

அடுத்த தடவைக்கு: புது மோல்டுக்கு வாக்ஸ் ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். ஹார்டுபோர்டு, எம்.டி.எஃப். முகமாக இருந்தால் சீலர் இல்லாமல் வாக்ஸ் பூசிப் பயனில்லை, உறிஞ்சிவிடும். ஷீட் இணைப்புகளிலும் ஸ்க்ரூ தலைகளிலும் மெழுகு வைத்து நிரப்புங்கள். ரெசின் அங்கே புகுந்தால் ஆணி அடித்தது போல் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்குவதால் குழிவான மோல்டிலிருந்து தானாகவே கொஞ்சம் விலகும். புடைப்பான மோல்டில் அதே சுருக்கம் இறுக்கிப் பிடிக்கும், அங்கே இரண்டு மூன்று டிகிரி சாய்வு கொடுத்தே ஆக வேண்டும். வளைவு அரைவட்டத்தைத் தாண்டினால் எந்த மோல்டானாலும் இரண்டு துண்டாகச் செய்யுங்கள், வேறு வழியே இல்லை.

கழற்றிய பிறகு வளைவு உள்பக்கமாகச் சுருண்டுகொள்கிறது

மோல்டு சரி, மேல்முகமும் சரி, ஆனால் சுவரில் மாட்டப் போனால் துளை சேரவில்லை. ஃபைபரில் நார் ஓடும் திசையில் சுருக்கம் குறைவு, தடிமன் வாக்கில் அதிகம். அதனால் வளைந்த எந்தப் பேனலும் ஒன்றிரண்டு டிகிரி உள்ளே மூடிக்கொள்ளப் பார்க்கும். அவசரமாகக் கழற்றினால் இது கூடுதலாகும். ஒரு நாளாவது மோல்டிலேயே விடுங்கள், பின்பக்க ரிப் ஏதும் வேண்டுமென்றால் கழற்றும் முன்பே ஒட்டிவிடுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை ஒரே மூச்சில் மூன்று அடுக்குக்கு மேல் போடாதீர்கள். ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிமன் தரும், மேட்டின் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். அதிக ரெசின் என்றால் அதிகச் சூடு, அதிகச் சுருக்கம், அந்தச் சூட்டில் மோல்டின் ஷீட்டே நெளிந்துவிடவும் கூடும்.

ஏற்கெனவே சுருண்டுபோன பேனலைத் தூக்கி எறிய வேண்டாம். அதை மறுபடி மோல்டில் வைத்து, நேரான இரும்புச் சட்டம் ஒன்றை மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மேட் வைத்து ஒட்டி, இறுகிய பிறகு எடுங்கள். அதே இரும்புச் சட்டத்தில் சுவருக்கான போல்ட் துளையையும் போட்டுக்கொள்ளலாம்.